கேட்டெழுத்து

அம்மையின் கட்டிலில் கிடந்த இரண்டு விரிப்புகளையும் லேகாதான் துவைத்தாள். முந்தின நாள் மாலை மஸ்கட்டிலிருந்து வந்தவள், விடிந்ததும் கிணற்றடியில் போய் நின்றுவிட்டாள். பக்கத்து வீட்டு பிந்து ஓடிவந்து வாளியைப் பிடுங்கப் பார்த்தாள்.

"விடுங்க அக்கா. நாளைக்கு அடக்கத்த வச்சிட்டு இண்ணைக்கு நீங்களா துவைக்கது?"

"பத்தொம்பது வருசமா அம்மைக்க துணி ஒண்ணும் நான் துவைக்கல்ல பிந்து. இதாவது துவைக்கட்டு."

மழை விட்டுவிட்டுப் பெய்தது. விரிப்பு இன்றைக்கு உலராது என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

ஓமனா டீச்சர் திங்கட்கிழமை இறந்தார். மகள் வரட்டும் என்று காரக்கோணத்து மார்ச்சுவரியில் வைத்திருந்தார்கள். நாளை மூன்று மணிக்கு ஆராதனை. அடக்க ஆராதனையில் ஜீவசரித்திரம் வாசிப்பது அந்தச் சபையின் வழக்கம். பிறந்தது, ஞானஸ்நானம், வேலை, கல்யாணம், பிள்ளைகள், வியாதி, உயிர் போன நாள், மணிக்கூர், எல்லாம் ஒரே பக்கத்துக்குள். "பேத்தியே எழுதட்டு. டீச்சருக்க கையெழுத்து அவளுக்குத்தானே கிட்டியிருக்கு" என்று உபதேசியார் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

அதனால் லேகாவின் மகள் லிஜா, விரிப்பு இல்லாத அந்தக் கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள். கல்லூரியில் இரண்டாம் வருடம்.

பிறந்த வருடத்தில் சிக்கல் இல்லை. பிறகுள்ளதுதான் பக்கத்துக்குள் நிற்கவில்லை. ரப்பர் பால் வெட்டுகிறவரின் நாலாவது பெண். டி.டி.சி. என்ற ஆசிரியர் பயிற்சி முடித்து இருபத்துநாலு வயதில், கேரள எல்லையோரத்து எல்.பி. பள்ளிக்கூடம் ஒன்றின் தமிழ் டிவிஷனுக்கு வந்தவர், முப்பத்திரண்டு வருடம் அங்கேயே இருந்தார். பஸ் கண்டக்டர் பொன்னையனைக் கட்டினார். ஒரே மகள். மகளின் கல்யாணம் கழிந்து மூன்றாம் மாதம் பொன்னையன் நெஞ்சுவலியில் போனார்.

டீச்சரிடம் படித்தவர்கள் யாரைக் கேட்டாலும் கேட்டெழுத்தைத்தான் சொல்வார்கள். தினம் காலையில் பத்து வாக்கியம். டீச்சர் சொல்வார், பிள்ளைகள் கேட்டு எழுதவேண்டும். ஒரு தடவைதான் சொல்வார். விட்டால் விட்டதுதான்.

கடைசி வருடங்களில் சொல்லிக் கொடுக்கப் பிள்ளைகள் இல்லை. டிவிஷன் நிற்காமலிருக்க மே மாத வெயிலில் குடை பிடித்துக்கொண்டு வீடு வீடாக ஏறினார். பனச்சமூட்டுச் சந்தையில் மீன்காரி ஒருத்தி எல்லாரும் கேட்கும்படிக் கேட்டாள்: "எனக்க பிள்ளைய தமிழில சேக்கணும், இல்லியா? டீச்சருக்க பேத்தி எதிலயாக்கும் படிக்குது?" டீச்சர் அயிலையை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். லிஜா அப்போது இங்கிலீஷ் மீடியத்தில் யு.கே.ஜி. லேகாவும் அவள் புருஷன் ரதீஷும் மஸ்கட்டிலிருந்து சொன்ன முடிவு அது. அதை டீச்சர் யாரிடமும் சொல்லவில்லை. அவர் ஓய்வுபெற்ற வருடமே டிவிஷனும் நின்றது.

லிஜாவுக்குப் பத்து மாதமானபோது, அவளை டீச்சரிடம் விட்டுவிட்டு லேகா நர்ஸ் வேலைக்கு விமானம் ஏறினாள். பின்னால் ரதீஷும் போனார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முப்பது நாள் லீவு. வந்து நிற்கும் பெண்ணைக் கண்டால் லிஜா 'அம்மும்மை' என்று டீச்சரின் சேலைக்குள் ஒளிவாள். போனில் கூப்பிட்டாலும் வரமாட்டாள்.

அவளுக்கு ஆறு வயதானபோது கடிதங்கள் போகத் தொடங்கின. மஸ்கட்டுக்குப் போகிறவர்கள் கையில், ஊறுகாய்க்கும் கருவாட்டுக்கும் நடுவில், நோட்டிலிருந்து கிழித்த தாளில் 'அன்புள்ள மம்மிக்கு'. ஆறு வருடத்தில் முப்பத்தொரு கடிதம். மனசு சலித்து ராஜினாமா எழுத உட்காரும்போதெல்லாம் லேகா அவற்றை எடுத்து வாசித்தாள். பிள்ளை என்னை மறக்கவில்லை என்ற தைரியத்தில்தான் ஒவ்வொரு முறையும் கான்ட்ராக்டைப் புதுக்கினாள். பிறகு கடிதம் நின்றது. பிள்ளை வளர்ந்துவிட்டாள் என்று எண்ணிக்கொண்டாள்.

இப்போது ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு அறைக்குள் வந்து, பெட்டியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தாள்.

"எதுவரை வந்தது மக்கா?"

"வியாதி வரை. இனி மணிக்கூர் எழுதினா தீந்து."

"இதையும் ஒண்ணு சேக்கணும்." ஒரு தாளைப் பிரித்து வாசித்தாள். "'அம்மும்மை எனக்குச் சோறு உருட்டித் தரும்போது உனக்கும் ஒரு உருண்டை தனியாக எடுத்து வைக்கிறாள் மம்மி.' நீ ரெண்டாம் கிளாசில எழுதினதாக்கும். கேட்டா சர்ச்சில எல்லாருக்கும் கண்ணு நெறயும்."

லிஜா பேனாவை மூடினாள். "அது நான் எழுதினதில்ல."

"ஒனக்க கையெழுத்து எனக்குத் தெரியாதா?"

"கைதான் எனக்கது. கேட்டெழுத்தாக்கும் மம்மி. ஞாயிறாச்ச சர்ச் விட்டு வந்தா அடுக்களையில உக்கார வைக்கும். அம்மும்மை மீன் வெட்டிக்கிட்டே சொல்லும், நான் எழுதுவேன். ரெண்டாவது வாட்டி சொல்லாது. முடிச்சாத்தான் பொரிச்ச மீன்."

லேகா சிரித்தாள். பிள்ளை கேலி பண்ணுகிறாள் என்றுதான் நினைத்தாள். லிஜா சிரிக்கவில்லை.

"எல்லாமா?"

"எல்லாம். தப்பு விட்டாலும் திருத்தாது. 'செவப்பு மை பட்டா ஒனக்க அம்மை கண்டுபிடிச்சிருவா'ண்ணு சொல்லும்."

"அப்போ அந்த உருண்டை?"

"அது பொய்யில்ல. தினமும் வைக்கும். பூனை தின்னும்."

லேகா கட்டிலின் மறு ஓரத்தில் உட்கார்ந்தாள். எனக்கு என் அம்மை எழுதிய கடிதங்களா இவை? அப்படியென்றால் அவர் என்னை வரச்சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தது பேத்திக்காக மட்டும் இல்லை. அதை யோசிக்க இப்போது திராணி இல்லை. அம்மையிடம் கேட்கவும் முடியாது. கேட்க இந்தப் பிள்ளைதான் உண்டு.

கடிதங்களை ஒவ்வொன்றாக வெறும் மெத்தையில் பரப்பினாள். எல்லாவற்றிலும் கடைசி வரி ஒன்றுதான். சிலதில் அது தாளின் ஓரத்தில், பிறகு சேர்த்ததுபோல இடமில்லாமல் நெருக்கி எழுதியிருந்தது. அங்கே விரலை வைத்தாள்.

"'சீக்கிரம் வா மம்மி.' மக்கா, இதும் அம்மும்மை சொன்னதா? இல்ல, இது மட்டும் நீயா எழுதினதா?"

லிஜா அந்த விரலைப் பார்த்தாள். ஜீவசரித்திரத் தாளை நாலாக மடித்துக் கையில் பிடித்தாள். கடிதங்கள் கலையாமல் காலை மாற்றி வைத்து இறங்கி, அறையைவிட்டுப் போனாள்.