மேட்டுப்பாளையத்து வெயிலில் கண்மை

சசிரேகாவுக்கு மலை இறங்கினால் வாந்தி வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கோத்தகிரியில் பிறந்து, கோத்தகிரியிலேயே வாக்கப்பட்டவள். கீழே என்றால் அவளுக்கு அக்கா பேச்சியின் வீடு, கொசு, வேர்வை, அவ்வளவுதான். சொந்தத்தில் ஒரு கல்யாணம் என்றால்கூட, "ஐயோ, பஸ்ஸுல போவோணுமே" என்று ஒரு வாரம் முன்னாலேயே புலம்ப ஆரம்பித்துவிடுவாள்.

நான் இந்துமதி. அவளும் நானும் ஒரே கம்பெனி. அவள் கண்மை காய்ச்சுகிறவள், நான் லேபிள் ஒட்டுகிறவள். கம்பெனி என்றதும் பெரிதாக ஏதும் நினைத்துவிட வேண்டாம். மூடிப்போன ஒரு சின்னத் தேயிலை ஃபேக்டரியின் பின்பக்க ஷெட்தான். ஜெகதீசன் சார் அதை வாடகைக்குப் பிடித்து, வெள்ளை டைல்ஸ் ஒட்டி, லைசென்ஸ் வாங்கி, கண்ணுக்கான சாமான்கள் செய்ய ஆரம்பித்தார். கண்மைக் குச்சி, ஐலைனர், கருவளையத்துக்குப் போடுகிற க்ரீம். எங்கள் பெயரில் ஒன்றும் வெளியே போகாது. யார் யாரோ அவரவர் பெயரைப் போட்டு விற்பார்கள், நாங்கள் செய்து கொடுப்போம். ஒரே சட்டியில் காய்ச்சின மைதான். தங்க மூடி போட்டால் ஒரு பெயர், ரோஸ் மூடி போட்டால் இன்னொரு பெயர், விலையும் வேறு. நான்தானே ஒட்டுகிறேன், எனக்குத் தெரியாதா! கருவளைய க்ரீம் செய்கிற எங்கள் கண்ணை நேரில் வந்து பார்த்தால் ஒருத்தியும் அந்த க்ரீமை வாங்க மாட்டாள்.

இங்கே வருவதற்கு முன்னால் சசிரேகா என்னோடு எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து பறித்தாள். முதுகில் டிஸ்க் நகர்ந்துவிட்டது. இனிமேல் பாரம் தூக்கினால் படுத்த படுக்கைதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். புருஷன் நவநீதன் கேரட் லோடு ஏற்றப் போகிறவர். வேலை இருக்கிற நாளும் உண்டு, சும்மா பீடி பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற நாளும் உண்டு. இந்த மலையில் ஒரு பொம்பளை முதுகு வளையாமல் செய்கிற வேலை எத்தனை இருக்கிறது, சொல்லுங்கள். ஷெட்டை மூடினால் நான் மறுபடி கொழுந்துக் கூடையை மாட்டிக்கொண்டு போய்விடுவேன். அவள் எங்கே போவாள்? அதனால் ஷெட்டில் ஒரு பல்பு அணைந்தாலும் அவள் முகம் சுண்டிப்போகும்.

மதுரையில் இருந்து சுமலதா மேடம் ஆர்டர் கொடுத்தபோது நாங்கள் எல்லோரும் குதித்தோம். பெரிய ஆர்டர். புதிதாக ஒரு மை செய்தால், சில குச்சிகளைச் சூட்டில் வைத்தும், சிலவற்றைச் சாதாரண அறையில் வைத்தும் சில வாரம் பார்க்க வேண்டும். சூட்டுக்கென்று ஒரு ஓவன் இருந்தது. மழை நாளில் கரண்ட் வந்து வந்து போனதில் அது கருகிப் போயிற்று. "அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்றார் சார். அடுத்த மாதமும் அதையே சொன்னார். எங்கள் கெமிஸ்ட் ஸ்டெபி குன்னூர்ப் பெண். அவளும் வேறு வழியில்லாமல் எல்லாக் குச்சியையும் ஷெல்ஃபிலேயே வைத்தாள். தினமும் எடுத்துப் பார்த்தோம். குச்சி கிண்ணென்று நின்றது. நாங்களே கண்ணில் போட்டும் பார்த்தோம், வழவழவென்று அழகாக ஓடியது. ஸ்வெட்டரும் குல்லாவுமாக நின்றுகொண்டு, "ரூமில் வைத்துப் பார்த்தாயிற்று, நன்றாக இருக்கிறது" என்று எழுதி அனுப்பினோம். அந்த ரூம் எந்த ஊர் ரூம் என்று எங்களில் ஒருத்திக்காவது தோன்ற வேண்டுமே! மதுரைக்காரி போடப் போகிற மைக்குக் கோத்தகிரிக் குளிரில் பரீட்சை. தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

பங்குனி வெயிலில் பெட்டிகள் மதுரை போய்ச் சேர்ந்தன. சுமலதா மேடம் வீடியோ காலில் வந்தார். ஒரு குச்சியின் மூடியைத் திறந்து காட்டினார். உள்ளே குச்சியே இல்லை, கருப்பாக ஏதோ கொழகொழவென்று வழிந்தது.

"என்ன சார் இது? இதைக் கண்ணுல போடுறதா, வண்டிச் சக்கரத்துல போடுறதா?" என்றார். "இன்னொரு தடவை சாம்பிள் அனுப்புங்க. அதுவும் உருகுச்சுன்னா நான் வேற ஊர்ல பாத்துக்கிறேன்."

போனை வைத்ததும் சார் முகத்தில் ஈ ஆடவில்லை. இந்த ஆர்டர் போனால் ஷெட்டை நடத்த முடியாது என்று எங்களிடமே சொல்லிவிட்டார். சசிரேகாதான் கேட்டாள்.

"ஏனுங்க சார், ஓவன்?"

"இந்த ஆர்டர் நம்ம கையில நிக்கட்டுங்க. நின்னதும் முதல் வேலை அதுதான்."

அவள் கொஞ்ச நேரம் கையுறையைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தாள். அப்புறம், "மேட்டுப்பாளையத்துல எங்க அக்கா ஊடு இருக்குதுங்க. சிமெண்ட் ஷீட்டு போட்ட ஊடு, மத்தியானம் உள்ள நிக்க முடியாது. அங்க கொண்டுபோய் வெச்சுப் பாக்கட்டுங்களா?" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பஸ் என்ற சொல்லைக் கேட்டாலே வயிற்றைப் பிடித்துக்கொள்கிறவள். வெளியே இழுத்துக்கொண்டு போய், "உனக்கென்ன பைத்தியமா புள்ள? அந்த முதுக வெச்சுக்கிட்டு?" என்று கத்தினேன். "ஷெட்டு நிக்கோணுமில்ல" என்றாள், அவ்வளவுதான்.

ஸ்டெபி மெழுகைக் கூட்டி விளக்கெண்ணெயைக் குறைத்து எழுதிக் கொடுத்தாள், சசிரேகா காய்ச்சி ஊற்றினாள், ஆறினதும் குச்சிகளை ஒரு டிபன் பாக்ஸில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள். முதல் தடவை நானும் கூடப் போனேன். ஜன்னல் சீட்டில் உட்கார வைத்தேன். வளைவு ஒவ்வொன்றுக்கும் அவள் முன் சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்து முதுகை நிமிர்த்திக்கொண்டாள். பாதி வழியிலேயே வாந்திப் பை நிறைந்துவிட்டது. கண்டக்டர் வேறு, "ஏம்மா, உடம்புக்கு முடியாதவங்களக் கூட்டிட்டு வரலாமா?" என்று என்னைப் பார்த்து முறைத்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அவரையே மலையிலிருந்து உருட்டியிருப்பேன்.

பேச்சி அக்கா எங்களைப் பார்த்ததும் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"ஏன்டி, உங்க கம்பெனில ஒரு அடுப்புகூட இல்லையா? எங்கூட்டுப் பரண் கேக்குதாக்கும்!"

திட்டிக்கொண்டே ஏணியைப் போட்டுக் கொடுத்தாள். ஷீட்டுக்கு அடியில் பரணில் குச்சிகளை வரிசையாக நிறுத்தினோம், பக்கத்தில் ஸ்டெபி கொடுத்த சூடு பார்க்கிற மீட்டர். சசிரேகா கீழே சிமெண்டுத் தரையில் மல்லாந்து படுத்துவிட்டாள். வேர்வை கண்ணில் இறங்கி, காலையில் போட்டிருந்த மை கன்னம் வரைக்கும் வழிந்தது. சாயங்காலம் இறக்கிப் பார்த்தால் குச்சிகளும் அவளைப் போலவேதான் இருந்தன.

அடுத்த தடவை அவள் தனியாகப் போனாள். குச்சி நின்றது, ஆனால் மேலே பொட்டுப்பொட்டாக எண்ணெய் பூத்திருந்தது. அதுவும் ஆகாது. மறுபடி மெழுகு, மறுபடி சட்டி, மறுபடி பஸ். திரும்பி வருகிற நாளெல்லாம் நவநீதன் ஸ்டாண்டில் நின்று கைத்தாங்கலாக இறக்குவார். அவள் முதுகில் தைலத்தைத் தேய்த்துக்கொண்டே, "வேணாம் விட்டுரு" என்பாராம். இவள், "இன்னொருக்கா பாத்துட்டு" என்பாளாம். ஷெட்டில் அவள் நின்றுகொண்டே காய்ச்சினாள், உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியவில்லை. கூடையைச் சுமந்த காலத்தில்கூட அவளை நான் இப்படிப் பார்த்ததில்லை.

கடைசியில் குச்சி நின்றது. பேச்சி அக்கா வீட்டிலிருந்து சசிரேகா போன் செய்தாள். "புள்ள, நிக்குது! உருகல, எண்ணெயும் பூக்கல. கையில கோடு போட்டா அழகா வருது" என்றாள். குரலில் அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. எனக்கு அழுகைதான் வந்தது.

மதுரையில் இருந்து சம்மதம் வந்த அன்று சார் எல்லோருக்கும் மொறுமொறு வர்க்கியும் டீயும் வாங்கி வந்தார். முகமெல்லாம் பல்.

"சுமலதா மேடம் என்ன சொன்னாங்க தெரியுமா? நிஜமான வெயில்ல வெச்சுப் பாத்தோம்னு சொன்னதும் அவங்களுக்கு ரொம்பப் புடிச்சுப்போச்சு. இனிமே ஒவ்வொரு பேட்சும் அப்படியே பாத்துத் தரச் சொல்லிட்டாங்க. பெட்டி மேலயே அச்சடிக்கப் போறாங்களாம், 'நிஜ வெயிலில் சோதித்தது'ன்னு!"

எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கு மட்டும் எங்கோ இடித்தது.

"அப்ப ஓவன், சார்?" என்றேன்.

"ஓவன் எதுக்குங்க இந்துமதி? அதான் நம்ம சசிரேகா இருக்காங்களே!"

இன்னும் பலமாகக் கை தட்டினார்கள். சசிரேகா டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள்.

"ஏனுங்க சார், ஓவனுக்கு முதுகு வலிக்காதுங்க. எனக்கு வலிக்குமுங்க" என்றாள். சண்டை போடுகிற மாதிரி இல்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள்.

சார் விழுந்து விழுந்து சிரித்தார். "பாத்தீங்களா, எப்படிப் பேசறாங்கன்னு!" அவர் சிரித்ததும் மற்றவர்களும் சிரித்தார்கள். அவள் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள். பார்த்துவிட்டு அவளும் சிரித்து வைத்தாள்.

சாயங்காலம் வீட்டுக்கு நடக்கையில் அவளைப் பிடித்து உலுக்கினேன். "நாளைக்கே போயி முடியாதுன்னு சொல்லு புள்ள. நானும் கூட வர்றேன்."

"சொல்லிட்டு?"

"சொல்லிட்டு என்ன சொல்லிட்டு?"

"சொல்லிட்டு நான் எங்க புள்ள போறது?"

அடுத்த பேட்ச் ஆறினதும் சசிரேகா டிபன் பாக்ஸோடு முதல் பஸ்ஸில் ஏறிப் போனாள்.