ஓடத்தின் முன் இருக்கை

இல்லை, அது அப்படி இல்லவே இல்லை. அரியரத்தினம் ஏரிக்கரையில் நின்று இரண்டு கண்ணாலும் கண்டதாகச் சத்தியம் பண்ணட்டும். எசன் நகரத்துத் தமிழ்ச்சனம் முழுக்கக் கூடி நின்று தலையாட்டட்டும். அன்றைக்கு ஓடத்தில் லூர்தம்மாவுக்கு முன்னால் இருந்தது வெள்ளைக்காரன் இல்லை. எந்த ஆம்பிளையும் இல்லை. கண்ணில் பட்டதெல்லாம் உண்மை என்றால் கானலில் மாடு தண்ணீர் குடிக்குமே!

ஐம்பது வயதில் காற்சட்டை போட்டுக்கொண்டு சைக்கிளில் மலை இறங்கினாள் என்கிறார்கள். இறங்கினாள்தான், அதை யார் மறைத்தது? புருஷனை வீட்டில் விட்டுவிட்டுப் போனாள் என்கிறார்கள். அவனைக் கூப்பிடாமலா போனாள் என்று ஒரு வாய்கூடக் கேட்கவில்லையே. கதை இருப்பதே அங்கேதான்.

லூர்தம்மா ஜெர்மனியில் சவுவர்லாந்து மலைப்பக்கத்தில் ஒரு ஹோட்டலில் அறைகள் துப்புரவாக்குகிறவள். குளிர்காலத்தில் அங்கே பனிச்சறுக்குக்காரர்கள் நிறைந்திருப்பார்கள். பனி கரைந்ததும் அதே கம்பி வடத்து நாற்காலிகள் சைக்கிள்களைக் கொளுவிக்கொண்டு மலை ஏறும். காலையில் மலையில் உருண்டு, மத்தியானம் அடிவாரத்து ஏரியில் கயாக் ஓடம் வலித்து, பொழுதுபட்டதும் சேறும் ஈரமுமாய்ச் சனம் அறைக்குத் திரும்பும். அந்தச் சேற்றைக் கழுவுகிறவள் அவள். மேல்மாடி யன்னலில் நின்றால் இரண்டு மலைக்கு நடுவில் ஏரி ஒரு துண்டு தெரியும். தலையணை உதறுகிற சாட்டில் அதைப் பார்ப்பாள். ஒரு தலையணையை எத்தனை தரம்தான் உதறலாம்?

மன்னார்ப் பக்கம் பேசாலைக் கடற்கரையில் பிறந்தவள் அவள். இடுப்பளவு தண்ணீரில் நின்று எத்தனையோ படகுகளைத் தள்ளிவிட்டிருக்கிறாள். ஏறினதில்லை. பெண்ணின் கால் பட்டால் வலையில் மீன் படாது என்று தகப்பன் கத்துவான். தள்ளுகிற கை மட்டும் ஆகும், ஏறுகிற கால் ஆகாது, அது என்ன நியாயமோ.

புருஷன் வின்சன்ற் அந்தக் கரையில் பேர்போன படகோட்டி. பின்னால் இருந்து படகை அவன் பிடிப்பான், முன்னால் அவனுடைய தம்பி இருப்பான். ஒருநாள் கடலில் துப்பாக்கிச் சூடு விழுந்தது. வின்சன்ற் படகோடு திரும்பினான். முன்னுக்கு ஆள் இல்லை. அதற்குப் பிறகு அவன் தண்ணீரைப் பார்க்கவில்லை. ஜெர்மனிக்கு வந்து வெதுப்பகத்தில் மா பிசைந்தான், வீட்டுக்கு வந்தால் சுவரைப் பார்த்தபடி இருந்தான். அவர்களுடைய வீட்டு வாசல் ஏரியைப் பார்த்த வாசல். உள்ளே வந்த கையோடு அவன் கதவைச் சாத்திவிடுவான். அவனோடு ஒரே மேசையில் சாப்பிட்டுக்கொண்டே லூர்தம்மா அவனைத் தேடிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருக்கிற ஆளைத் தேடுவதைப் போல் ஒரு கொடுமை இல்லை.

ஜெர்மனியில் உலகக்கோப்பைப் பந்தாட்டம் நடந்ததற்கு அடுத்த வருடம் ஹோட்டல்காரர்கள் வேலையாட்களுக்கு ஒரு சுற்றுலா வைத்தார்கள். விருந்தாளிகள் செய்வதை ஒருநாள் நீங்களும் செய்து பாருங்கள், வீட்டில் ஒருவரையும் கூட்டி வரலாம் என்றாள் மேற்பார்வைக்காரி உர்சுலா. லூர்தம்மா யோசிக்கவே இல்லை, "நாங்கள் இரண்டு பேர்" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

"இஞ்சருங்கோ, ஓடத்தில இரண்டு பேர் இருக்கலாமாம். நான் பின்னுக்கிருந்து வலிக்கிறன். நீங்கள் முன்னுக்குச் சும்மா இருந்தாக் காணும்."

வின்சன்ற் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தான். "முன்னுக்கோ?"

"ஓம். உங்களுக்கு ஒரு வேலையும் இல்லை."

"எனக்கு ஏலாது."

"அப்ப நான் தனியவோ போறது?"

"என்னைக் கேட்டே இரண்டு பேர் எண்டு சொன்னனி? போ, போட்டு வா."

போனாள். போகும்போது சும்மா போகவில்லை. விடிய எழும்பிப் புட்டு அவித்து, கோழி காய்ச்சி, வந்த அத்தனை பேருக்கும் காணும்படி ஒரு பெரிய முதுகுப் பையில் அடைத்தாள். மடுமாதாவிடம் யாத்திரை போகும்போது தன் வாய்க்கு மட்டும் சோறு கட்டுகிறவளை ஊர் மனுசியாய் எண்ணுமா? ஜெர்மன்காரருடைய கணக்கு வேறு என்பது அவள் நினைவில் வரவில்லை.

காலையில் மலை. நாற்காலியில் ஏறி உச்சியில் இறங்கினால், போகிற பாதை செங்குத்தாய் விழுந்து கிடக்கிறது. தினமும் வேலைக்குச் சைக்கிளில் போகிறவள்தான், ஆனாலும் வேர்களும் கற்களும் அவளைத் தூக்கித் தூக்கிப் போட்டன. பிரேக்கை இறுக்கிப் பிடித்தபடி இறங்கினாள். "விடு, லூர்தம்மா! விட்டால்தான் ஓடும்!" என்று உர்சுலா பின்னாலிருந்து கத்தினாள். ஒரு வளைவில் விட்டாள். வாய்க்குள் காற்று நிறைந்தது. அடுத்த வளைவில் சைக்கிள் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். பன்னச் செடிக்குள் மல்லாந்து கிடந்தபடி சிரித்தாள். சிரித்து முடிந்ததும், இதை வீட்டில் போய்ச் சொன்னால் அவன் சுவரைப் பார்த்தபடி "ம்" என்பான் என்று நினைவு வந்தது. எழும்பிச் சேற்றைத் தட்டினாள்.

மத்தியானம் ஏரிக்கரையில் ஒவ்வொருவரும் தங்கள் தங்கள் பையிலிருந்து தங்கள் தங்கள் ரொட்டிப் பாணை எடுத்துச் சாப்பிட்டார்கள். லூர்தம்மா புட்டைத் திறந்து நீட்டினாள். நல்ல மனிதர்கள், விரல் நுனியால் கிள்ளி, ஆகா என்று புகழ்ந்தார்கள். பை பாரம் குறையவில்லை.

ஓடக்காரன் சிவப்பு ஓடம் ஒன்றையும், இரண்டு பேர் என்று சொல்லியிருந்ததால் இரண்டு மிதவைச் சட்டைகளையும் கொடுத்தான். ஒற்றை ஆளுக்கான ஓடம் தரட்டுமா என்றும் கேட்டான். அவள் வேண்டாம் என்றாள். சொன்னது இரண்டு பேர், ஓடமும் இரண்டு பேருக்கானதுதான். பின்னால் ஏறினாள். ஓடத்தின் மூக்கு வானத்தைப் பார்த்து எழும்பியது. ஒருமுறை வலித்தால் ஒருமுறை சுற்றியது. கரைக்குத் திரும்பினாள். புட்டுப் பையைத் தூக்கி முன் இருக்கையில் வைத்தாள். கவிழ்ந்தால் சாப்பாடு தாழ்ந்துவிடுமே என்று வின்சன்றின் மிதவைச் சட்டையை அதற்குப் போட்டுப் பூட்டினாள். கையில் கிடந்த சைக்கிள் தொப்பியை வைக்க வேறு இடமில்லை, பையின் தலையில் கவிழ்த்தாள். மூக்கு இறங்கியது. ஓடம் சொன்ன சொல் கேட்டது.

நடு ஏரியில் துடுப்பை மடியில் வைத்தாள். ஒரு கை தண்ணீர் அள்ளி உதட்டில் வைத்துப் பார்த்தாள். உப்பில்லை. ஆனாலும் ஆடுகிற ஆட்டம் அதேதான், கரையில் நின்று பார்த்துப் பார்த்து அவள் உடம்புக்குத் தெரிந்த ஆட்டம். முன்னால் சட்டை போட்டுத் தொப்பி வைத்து இருந்த பையைப் பார்த்தாள்.

"என்ன, பயமா இருக்கோ?" என்று கேட்டாள். "நான் பிடிச்சுக்கொண்டுதான் இருக்கிறன். ஒண்டும் நடக்காது. திரும்பி வருவம், இரண்டு பேருமாத்தான் வருவம்." சொல்லிவிட்டு அழுதாளா சிரித்தாளா என்பது அவளுக்கே தெரியாது.

அந்த நேரம் பார்த்துத்தான் எசனிலிருந்து வந்த அரியரத்தினம் குடும்பத்தோடு கரையில் இறைச்சி சுட்டுக்கொண்டு நின்றான்.

மறுநாளே எசனிலிருந்து ரஞ்சினி தொலைபேசி எடுத்தாள். சிநேகிதிதான், ஆனாலும் கேட்காமல் விடுவாளா?

"லூர்தக்கா, உண்மையே? ஆள் நல்ல கட்டையாம், மொத்தமாம். மீசையும் இருந்ததாம்!"

"மீசை இல்லையடி. புட்டு இருந்தது."

"பகிடி விடாதேங்கோ அக்கா. அரியரத்தினமண்ணை வின்சன்ற் அண்ணைக்கும் சொல்லிப்போட்டார்."

லூர்தம்மா சோற்றை அடுப்பில் வைத்துவிட்டுக் காத்திருந்தாள். கத்தட்டும், கோப்பையை உடைக்கட்டும், அதுவும் ஒரு பேச்சுத்தானே என்று இருந்தாள். வின்சன்ற் வந்தான், கதவைச் சாத்தினான், இருந்தான்.

"முன்னுக்கு என்ன பாரம் வைச்சனி?" என்று கேட்டான்.

"என்ன?"

"தனிய ஆள் பின்னுக்கு இருந்தா மூக்கு எழும்பும். நீ கயிறு பிடிச்ச மாதிரி நேரா வந்தனியாம். அவன் விசரன், ஆளைப் பார்த்திருக்கிறான், ஓடத்தைப் பார்க்கேல்லை. என்ன வைச்சனி?"

"புட்டுப் பை. உங்களுக்கெண்டு தந்த மிதவைச் சட்டையைப் போட்டுவிட்டனான்."

அவன் கதிரையை மேசைக்குக் கிட்ட இழுத்தான். பிறகு, எத்தனையோ வருடத்துக்குப் பிறகு, மேசையில் விரலால் ஒரு படகு கீறினான். "இருக்கையில வைக்கக் கூடாது. காத்துக்கு ஆடும். அடியில வைக்க வேணும், இஞ்ச."

அடுத்த ஞாயிறு அவள் பூசைக்குப் போய் வந்து காற்சட்டையை மாட்டினாள். "வாங்கோவன்" என்றாள்.

வின்சன்ற் அவளைப் பார்த்தான். சுவரை இல்லை, அவளை. "இண்டைக்கு ஏலாது" என்றான். எழும்பி வந்து, சாப்பாட்டுப் பையை எடுத்து, வலைக்காரர் போடுகிற முடிச்சில் சுற்றிக் கட்டி, ஓடத்தில் கொளுவ ஒரு நுனியை நீளமாக விட்டான். இழுத்துப் பார்த்தான். அவள் தோளில் மாட்டிவிட்டான்.

அன்றைக்குத்தான் லூர்தம்மா புருஷனை விட்டுவிட்டு வீட்டைவிட்டு வெளிக்கிட்டாள் என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். வெளிக்கிட்டாள்தான். வாசலில் நின்று கதவின் கைப்பிடியில் கை வைத்தாள்.

"சாத்திப்போட்டுப் போறன்."

"வேண்டாம்" என்றான் வின்சன்ற். "திறந்து கிடக்கட்டும். நீ போ."

அவள் படி இறங்கினாள்.