மீந்த கான்கிரீட்டில் இரண்டு படி

தெர்மாகோல் என்று கேட்டால்தான் அந்தத் தெருவில் அவரைக் காட்டுவார்கள். இருபத்திரண்டு வருடம் செங்கல் அடுக்கிய கொத்தனார். முதுகு போய், இனிமேல் பாரம் தூக்கவே கூடாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். அதன் பிறகு பத்து நாள் வகுப்புக்குப் போய், தெர்மாகோல் கட்டைகளால் சுவர் எழுப்பக் கற்றுக்கொண்டு வந்தார்.

கட்டையை ஒரே கையால் தூக்கிவிடலாம், உள்ளே வெறும் கூடு. ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, நடுவில் கம்பி கட்டி, மேலிருந்து கான்கிரீட்டை ஊற்றினால் சுவர். தெர்மாகோலைப் பிரிக்க வேண்டியதில்லை. வெயிலையும் குளிரையும் தடுத்துக்கொண்டு அது அப்படியே நிற்கும். "டிவி வந்த டப்பாவுல வீடு கட்டுறாரு" என்று பழைய கூட்டாளிகள் சிரித்தார்கள். சிரிக்கட்டுமே, அவருக்குப் பதிலாகச் செங்கல் தூக்க அவர்களா வரப்போகிறார்கள்?

நம்பி வீடு கட்டக் கொடுத்தது தங்கை ஒருத்திதான். அவள் புருஷனுக்கு அரை மனது. கீழ்த்தளச் சுவருக்குக் கான்கிரீட் ஊற்றி ஒரு வாரம் ஆகிவிட்டது, இன்று மாடிக்குப் பம்பு லாரி வருகிறது. அதைப் பார்க்க, இரண்டு மாடி ஆஸ்பத்திரி கட்டப்போகும் முதலாளியும் வருகிறார். அவருக்குப் பிடித்தால் ஆஸ்பத்திரி வேலை இவருக்கு. பிடிக்காவிட்டால், இந்த முதுகை வைத்துக்கொண்டு யார் வாசலில் போய் நிற்பது?

காலையில் தங்கை வாசல் படியில் நின்று காப்பி நீட்டினாள். "அன்னிக்கு மீந்த கான்கிரீட்டுல ரெண்டு படி கிடைச்சுது பாரு. ராசியான கைண்ணா உனக்கு."

டம்ளர் பாதி வழியில் நின்றது. ஏன் மீந்தது? ஒரு முறைக்கு இரு முறை கணக்குப் போட்டு வரவழைத்த கான்கிரீட். இரண்டு படி அளவுக்கு வெளியே நிற்கிறதென்றால், சுவருக்குள் எங்கோ அந்த அளவு இறங்கவில்லை.

ஜன்னல்!

செங்கல் சுவரில் ஜன்னலுக்குக் கீழே முதலில் கட்டிவிட்டு, அதன்மேல் சட்டத்தை உட்கார வைப்பார்கள். இதில் சட்டம் முதலிலேயே நிற்கும். அடிப்பலகையில் ஓட்டை போட்டு, அது வழியாகவும் ஊற்றிக் கம்பியால் குத்தி இறக்க வேண்டும், இல்லாவிட்டால் ஜன்னலுக்குக் கீழே கான்கிரீட் போய்ச் சேராது. வகுப்பில் இரண்டு தடவை சொன்னார்கள். பாழாய்ப்போன கை, இருபத்திரண்டு வருடப் பழக்கத்தில் பலகையைத் தொடவே இல்லை.

மெல்லிய கம்பி ஒன்றை எடுத்துக்கொண்டு அறைக்குள் ஓடினார். பெரிய ஜன்னலுக்கு நேர் கீழே குத்தினார். மூன்று விரல்கடை போனதும் கம்பி கான்கிரீட்டில் இடிக்க வேண்டும். இடிக்கவில்லை. அவர் கை சுவரைத் தொடும் வரை போனது. அடுத்த ஜன்னலிலும் அதே கதைதான்.

வாசலில் லாரி பின்னால் எடுக்கும் சத்தம். முதலாளி உள்ளே வந்து சுவரைத் தட்டிப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு."

"எங்க மச்சான் வேலைங்க" என்றார் தங்கை புருஷன். ஒரு நாளும் இல்லாத திருநாளாகப் பெருமையோடு சொன்னார்.

வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும், ஈ காக்காய்க்குக்கூடத் தெரியாது. மேலே பூச்சுப் பூசிவிட்டால் எந்தச் சுவர் வாயைத் திறக்கும்? ஆஸ்பத்திரி கைக்கு வந்துவிடும். ஆனால் இந்த ஜன்னலோரம்தான் தங்கை கட்டில் போடப்போகிறாள். பூமி பிளந்து உள்ளே போய்விடக் கூடாதா என்றிருந்தது அவருக்கு.

"லாரியத் திருப்பி அனுப்புங்க மாப்பிள்ளை."

"என்ன மச்சான் சொல்றீங்க?"

"ஜன்னலுக்குக் கீழ சுவரே இல்ல. என் தப்பு." எல்லோரும் பார்க்க மறுபடி கம்பியைச் செருகிக் காட்டினார்.

முதலாளி கம்பியைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். "பாத்துட்டுச் சொல்லி அனுப்புறேன்" என்று காரில் ஏறினார். அந்தப் பேச்சுக்கு என்ன அர்த்தம் என்று கொத்தனாருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மாப்பிள்ளை அவர் முகத்தைப் பார்க்காமலே லாரிக்காரனிடம் போனார். திட்டியிருந்தாலாவது தேவலை.

கொத்தனார் கத்தியை எடுத்து ஜன்னலடித் தெர்மாகோலை அறுக்கத் தொடங்கினார். அறுத்துத் திறந்து, பலகை அடித்து, மறுபடி நிரப்ப வேண்டும். கண்ணீர் வழிந்த முகமெல்லாம் வெள்ளைப் பொடி ஒட்டியது.

தங்கை படியில் உட்கார்ந்திருந்தாள். "அண்ணா, இந்தப் படியையும் உடைக்கணுமா?"

"வேண்டாம்மா. இந்த வீட்டுல நான் ஒழுங்கா ஊத்துனது அது ஒண்ணுதான்."