அப்பு கட்டிய தட்டும் கடற்பக்க மூலையும்

இந்த நினைவு மலரைக் கையில் ஏந்தியிருக்கும் உறவினர்களுக்கும் அன்பர்களுக்கும் வணக்கம். எங்கள் தந்தையார் எம்மை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. நாங்கள் அவரை அப்பு என்றே அழைத்தோம். இங்கும் அப்படியே எழுதுகிறேன். இந்தக் கட்டுரையை எழுதும் பொறுப்பை அண்ணை என்னிடம் தந்தார். "நீதான் எல்லாத்தையும் ஒண்டு ரண்டு எண்டு எழுதி வைக்கிறனி. நீயே எழுது" என்றார். நான் கொழும்பில் ஒரு கந்தோரில் கட்டடப் படங்கள் வரைபவள். அளவுக்கு மேற்பட்ட சொற்கள் எனக்கு வருவதில்லை. அப்புவுக்கும் அவை பிடிப்பதில்லை. ஆகவே அவருடைய நற்குணங்களோடு அவர் செய்த ஒரு பிழையையும் எழுதுகிறேன். அதை மறைத்து எழுதினால் அவரே திருத்தச் சொல்லியிருப்பார்.

அப்பு பருத்தித்துறையில் வள்ளம் கட்டும் ஓடாவி ஒருவருக்கு மூத்த மகனாகப் பிறந்தார். பன்னிரண்டு வயதில் தகப்பனாரை இழந்து, அவருடைய உளிகளையே எடுத்துக்கொண்டு கடற்கரையில் வேலைக்குப் போனார். தங்கைமார் இருவரைக் கரைசேர்த்த பின்னரே அம்மாவைக் கைப்பிடித்தார். பாய்க்கப்பல் ஓட்டம் குறைந்து வள்ள வேலை அருகியபோது, வீட்டு வேலைக்கு வந்தார். கதவு, கூரை, கிணற்றுத் துலா என்று கிடைத்ததைச் செய்தார். அவர் சேர்த்த இரண்டு பலகைகளுக்கு நடுவே ஒரு நூல்கூடப் போகாது என்று ஊரில் சொல்வார்கள். அந்தப் பெருமைதான் பின்னர் அவரைச் சோதித்தது.

இரண்டாம் உலக யுத்தத்துக்குச் சில ஆண்டுகள் முன்னர், மலாயாவிலிருந்து ஓய்வு பெற்று வந்த ஒருவர் கீரிமலையில் காணி வாங்கினார். பென்சனியர் என்றே எல்லோரும் அவரைச் சொல்வார்கள். வீடு மேட்டில் இருந்தது. முன்வளவு வேம்பும் இலுப்பையும் பனையுமாகக் கடற்கரை வீதிவரை சரிந்து இறங்கியது. பென்சனியருக்கு முழங்கால் வருத்தம். சரிவில் இறங்க முடியாது. "மலாயாவிலை மரவீட்டிலை, மரங்களின்ரை உயரத்திலை இருந்து காத்து வாங்கினனான், ஓடாவியார். இஞ்சையும் அப்பிடி ஒண்டு வேணும். ஆனால் ஒரு மரமும் வெட்டக்கூடாது" என்றார்.

வீட்டு வாசல் மட்டத்திலிருந்து கடலை நோக்கி நீளும் மரத்தட்டு ஒன்றை அப்பு கட்டினார். ஆறு பாலைமரத் தூண்கள், அவற்றின் மேல் வளைகள் எனும் குறுக்குமரங்கள், வளைகளின் மேல் முதிரைமரப் பலகைகள். வீட்டுப் பக்கம் தட்டு நிலத்தோடு ஒட்டியிருந்தது. கடற்பக்கத் தூண்கள் இரண்டாள் உயரம். வீதியிலிருந்து ஏறிவரும் படிக்கட்டைக் கடற்பக்க மூலையில் வைத்தார். இரண்டு வேம்புகளை வெட்டாமல், அவை தட்டை ஊடுருவி நிற்கும்படி பலகைகளை வளைத்து அறுத்தார். முடிந்த அன்று பென்சனியரிடம், "ஆனை ஏறி நிண்டாலும் அசையாது" என்று சொன்னார். அவர் அப்படிச் சொன்னதும் உண்மை, அதையும் எழுதத்தான் வேண்டும்.

அவர் விட்ட பிழை எந்த வீட்டுத் தச்சரும் விடாத பிழை. வள்ளத்துக்குச் செய்வதுபோலப் பலகைகளின் இடுக்குகளில் பஞ்சு திணித்து, குங்கிலிய மெழுகு பூசி, ஒரு சொட்டு நீர் கீழே போகாதபடி அடைத்துவிட்டார். மழைநீர் வழிய, தட்டைச் சிறிது சரித்து, படிக்கட்டு இருந்த அதே கடற்பக்க மூலையில் ஒரேயொரு துவாரம் விட்டார். ஐப்பசியிலிருந்து மார்கழிவரை பெய்த மழையெல்லாம் அந்தத் துவாரத்தால் கொட்டியது. கொட்டிய இடம் மூலைத்தூணின் அடி.

தை மாதம் அந்த வீட்டில் பென்சனியரின் மகளுக்குக் கலியாணம். எங்களையும் அழைத்திருந்தார்கள். மாப்பிள்ளை கடற்கரை வீதியால் ஊர்வலமாக வந்து, படிக்கட்டால் தட்டில் ஏறி வீட்டுக்குள் போவதென்று ஏற்பாடு. படிக்கட்டின் தலைப்பில் நிறைகுடம் வைத்திருந்தார்கள். மாப்பிள்ளையைப் பார்ப்பதற்காகச் சனம் தட்டில் கூடியிருந்தது. எனக்கு அப்போது பதினாறு வயது. சும்மா இருக்க மாட்டாமல் எண்ணினேன்: நாற்பத்திரண்டு பேர்.

பெண்ணின் மாமியின் கை தட்டி ஒரு செம்பு கவிழ்ந்தது. அது உருண்டது. நிற்காமல் உருண்டு, கடற்பக்க மூலைக்குப் போய், கம்பிக் கிராதியில் முட்டி நின்றது. பெண்கள் சிரித்தார்கள். "செம்புக்கும் மாப்பிளை பாக்க அவசரம்" என்றார் ஒருவர். நான் சிரிக்கவில்லை. அப்பு வைத்த சரிவு எவ்வளவு என்பது எனக்குத் தெரியும். அவர் கட்டும்போது நீர்மட்டக் கருவி பிடித்தவள் நானே. அந்தச் சரிவில் செம்பு அவ்வளவு வேகமாக உருளாது.

படிக்கட்டால் இறங்கித் தட்டின் கீழே போனேன். மூலைத்தூணின் அடிக்கல் ஒரு பக்கம் நிலத்தைத் தொடவில்லை. அதன் கீழே கையை விட்டேன். முழங்கை வரை கை உள்ளே போனது. மண்ணெல்லாம் கரைந்து சரிவால் இறங்கிப் போயிருந்தது.

பின்வளவில் நின்ற அப்புவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் வந்து பார்த்தார். மண் தோண்டும் அலவாங்கைக் கல்லின் அடியில் விட்டார். அது தங்காமல் இறங்கியது. அப்போது தூரத்தில் மேளச்சத்தம் கேட்டது.

"மேளம் எங்கை நிக்குது?" என்றார்.

"மடத்தடியிலை போலை இருக்கு, அப்பு."

"வீதி திரும்பின உடனை எல்லாரும் இந்த மூலைக்குத்தான் வருவினம்." அண்ணையைக் கூப்பிட்டு, பந்தற்காலில் இரண்டைப் பிடுங்கி வளைக்கு முட்டுக்கொடுக்கச் சொன்னார். என்னைப் பென்சனியரிடம் அனுப்பினார்.

பென்சனியர் என் பேச்சைக் கேட்டுக் கோபித்தார். "ஆனை ஏறினாலும் அசையாது எண்டு கொப்பர்தானே பிள்ளை சொன்னவர்? மாப்பிளை வாற நேரத்திலை சனத்தை இறக்கச் சொல்லுறியோ?"

மாமி பக்கத்தில் நின்றார். "அபசகுனமாக் கதையாதை, பிள்ளை. போய்ப் பூத்தட்டை எடு."

நான் திரும்புவதற்குள் அப்புவே மேலே வந்துவிட்டார். வேட்டியெல்லாம் மண். உரத்த குரலில் பேசும் வழக்கம் அவருக்கு இல்லை. அன்றும் உரத்துப் பேசவில்லை.

"எல்லாரும் ஒருக்காக் கேளுங்கோ. இந்தத் தட்டு பிழை. கட்டினது நான், பிழையும் என்ரைதான். கடற்பக்கம் ஒருத்தரும் போகாதேங்கோ. வீட்டு வாசலடியிலை நிக்கிறவை முதல் உள்ளை போங்கோ. ஓடாதேங்கோ. ஓடினால்தான் ஆபத்து."

ஒருவரும் அசையவில்லை. சுருட்டோடு நின்ற ஒரு பெரியவர்தான் வாய் திறந்தார். "என்ன ஓடாவியார், வள்ளம் தாழுதோ?"

"ஓம் அண்ணை, தாழுது. பொம்பிளையளை முதல் விடுங்கோ."

சிலர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பே எங்களைக் காப்பாற்றியது என்று இன்றும் நினைக்கிறேன். பயந்து ஓடாமல், சிரித்துக்கொண்டே சனம் அசையத் தொடங்கியது. நான் வாசலில் நின்று எண்ணினேன். பத்து. பதினெட்டு. மேளம் வீதியில் திரும்பியது. உள்ளே போய்க்கொண்டிருந்தவர்களும் தலையைத் திருப்பினார்கள். இருவர் கடற்பக்கம் அடியெடுத்து வைத்தார்கள். அப்பு குறுக்கே நின்று இரண்டு கைகளையும் விரித்தார். "மாப்பிளை எங்கையும் போகமாட்டார். முன்னுக்கு நடவுங்கோ." இருபத்தொன்பது. முப்பத்தாறு. கடைசியில் பென்சனியரை இருவர் தாங்கிக்கொண்டு போனார்கள். நாற்பத்தொன்று.

குறைந்தவர் மாமி. "நிறைகுடம்! நிறைகுடத்தை விட்டிட்டு வரேலாது!" என்று அவர் மூலைப்பக்கம் போகத் திரும்பினார்.

"நீங்கள் நில்லுங்கோ. நான் எடுக்கிறன்" என்றார் அப்பு.

பலகையின் நடுவில் மிதிக்காமல், கீழே வளை போகும் கோட்டில் மட்டும் கால் வைத்துப் போனார். கீழிருந்து அண்ணை, "அப்பு, முட்டு இன்னும் இறுகேல்லை!" என்று கத்தினார். அப்பு குடத்தை அடைந்தார். குனிந்தார். குடத்தைத் தேங்காய் அசையாமல் இரு கைகளாலும் தூக்கினார். அதே கோட்டில் திரும்பி வந்து, மாமியின் கையில் கொடுத்தார். மாமியை முன்னே விட்டு அப்பு வாசற்படியில் கால் வைத்தபோது பின்னால் ஒரு வெடிப்புச் சத்தம் கேட்டது. மூலை ஒரு சாண் இறங்கி, அண்ணை கொடுத்த முட்டில் தங்கி நின்றது.

அவ்வளவுதான். மாப்பிள்ளையைப் பின்வளவு வாசலால் உள்ளே கூட்டிப்போனார்கள். தட்டு விழவில்லை. விழாததால், அப்பு வீண் ஆரவாரம் செய்து கலியாண வீட்டைக் குழப்பினார் என்று சொன்னவர்களும் உண்டு. "மாப்பிளையைப் பின்படலையாலை கூட்டிக்கொண்டு போன கலியாணம்" என்று கனகாலம் கதைத்தார்கள். ஓராண்டுக்கு மேல் ஒருவரும் அப்புவை வேலைக்கு அழைக்கவில்லை. அவர் ஒருவரையும் நொந்துகொள்ளவில்லை.

கலியாணம் முடிந்த மூன்றாம் நாளே தட்டைக் கழற்றப் போனார். அடிக்கல் சிறிது, அதுதான் காரணம் என்று அவர் எண்ணினார். கழற்றுமுன் நான் தட்டில் ஆறு குடம் தண்ணீர் ஊற்றிக் காட்டினேன். ஆறும் ஒரே இடத்தில் விழுந்தன.

"தண்ணியை அடைக்கிறதுதானே என்ரை தொழில்" என்றார்.

"இது வள்ளம் இல்லை, அப்பு. தாழுறதுக்குக் கீழை கடலும் இல்லை. தண்ணி போனால் போகட்டும்."

மறுநாள் அப்பு, இடுக்குகளை அடைக்கும் கலப்பத்து உளியையும் பஞ்சையும் வீட்டிலே வைத்துவிட்டு வந்தார். கையிலிருந்தால் கை தானாகப் போய்விடும் என்றார். ஒவ்வொரு பலகைக்கும் நடுவே ஒரு பெரிய ஆணியை வைத்து, அதன் கனத்துக்கு இடைவெளி விட்டுப் பலகையை இறுக்கினார். ஒவ்வொரு முறையும் ஆணியை எடுத்தபின் அந்த இடைவெளியைப் பெருவிரலால் தடவிப் பார்ப்பார். அது அவருக்கு நொந்தது; எனக்குத் தெரியும். தூண்களை மண்ணைத் தோண்டிப் பாறையிலேயே இருத்தினார்.

பிற்காலத்தில் கீரிமலையிலும் காங்கேசன்துறைப் பக்கத்திலும் சரிவான காணிகளில் பல தட்டுகளையும் படிக்கட்டுகளையும் அவர் கட்டினார். ஒவ்வொன்றும் முடிந்தபின் வீட்டுக்காரரிடம் மழையில் வந்து பார்ப்பதாகச் சொல்வார். வந்தும் பார்ப்பார். ஆனையைப் பற்றி மறுபடி ஒருபோதும் சொன்னதில்லை.

சென்ற ஆண்டு நெஞ்சுச் சளியில் படுத்தார். கடைசி நாட்களில் நினைவு வந்து வந்து போனது. கட்டிலின் பலகை ஓரத்தைப் பெருவிரலால் தடவிக்கொண்டிருந்தார்.

"பிள்ளை, இடைவெளி விட்டனியே?"

"ஓம் அப்பு, விட்டிருக்கு" என்றேன். அதன்பின் கையை எடுத்துவிட்டார்.

அப்புவின் நோய்க்காலத்தில் இரவுபகல் துணைநின்ற அயலவர்களுக்கும், மருந்து தந்த வைத்தியருக்கும், தோள் கொடுத்தவர்களுக்கும், சோறு கறி ஆக்கித் தந்த வீட்டாருக்கும், தந்தியிலும் கடிதத்திலும் துயரில் பங்குகொண்டவர்களுக்கும் அம்மாவும் அண்ணையும் நானும் நன்றி சொல்கிறோம். கீரிமலையில் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை நடந்த அன்று, உறவினர் இளைப்பாறத் தம்முடைய தட்டை விட்டுத் தந்த பென்சனியர் வீட்டாருக்கு எங்கள் நன்றி தனியானது. அன்று காலை மழை பெய்து ஓய்ந்திருந்தது. வந்தவர்கள் ஐம்பத்தேழு பேர், எண்ணினேன். பலரும் கடலைப் பார்த்து அந்த மூலையிலேயே நின்றார்கள். மாமி, இப்போது நன்றாக மூத்துவிட்டார், தண்ணீர் குடித்துவிட்டு வைத்த செம்பு கவிழ்ந்தது. மிச்சத் தண்ணீர் பலகை இடைவெளிகளால் ஒழுகிப் போனது. செம்பு கவிழ்ந்த இடத்திலேயே கிடந்தது.