சம்பந்தி முன்னால் மறைத்த வலி

போன வருடம் தீபாவளிக்கு முந்தின வாரம். சிங்கப்பூர் லிட்டில் இந்தியா முழுக்க விளக்கு; நாங்கள் இருந்ததோ மருத்துவமனையில். என் கணவருக்குக் குடலில் கட்டி. கெட்டுப்போன பகுதியை வெட்டியெடுத்துவிட்டு, இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைத்திருந்தார்கள். தையல் ஆறும்வரை கசிவு வந்துவிடக் கூடாது, வயிறு உப்பினாலோ வலி கூடினாலோ உடனே சொல்லுங்கள் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார்.

இவரா சொல்லுகிற ஆள்? ஜாலான் புசாரில் ஹார்டுவேர் கடை. காலில் கம்பி விழுந்தாலும் முகம் சுளிக்காமல் வியாபாரம் பார்ப்பார்.

அன்று மாலை உட்லண்ட்ஸிலிருந்து எங்கள் சம்பந்தியும் அவர் மனைவியும் ஆரஞ்சுப் பழங்களோடு வந்தார்கள். பெண் கொடுத்த இடமாயிற்றே, இவர் விறைப்பாக நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார். அந்த நேரம் பார்த்து, நம் தமிழ்ப்பிள்ளையான தாதி வந்து கேட்டாள்.

"அங்கிள், காத்து பிரிஞ்சுச்சா? வலி இருக்கா?"

சம்பந்தியம்மா எதிரில் இப்படியொரு கேள்வி! மனுஷருக்கு முகமே செத்துப்போயிற்று.

"அதெல்லாம் ஆச்சும்மா. வலியே இல்ல."

காய்ச்சலும் அப்போது இல்லை. தாதி நம்பினாள், நானும் நம்பினேன்.

அவர்களை லிஃப்ட் வரை கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பினால், இவர் கட்டிலைச் சுற்றித் திரை. டாக்டர்கள் ஓடுகிறார்கள். பக்கத்துக் கட்டிலில் இருந்த மலாய்க்காரப் பெரியவர்தான், மூக்கில் குழாயோடு திக்கித் திக்கிச் சொன்னார். நாங்கள் அந்தப்பக்கம் போனதும் இவர் தலையணையைக் கடித்துக்கொண்டு அழுதாராம். யாரையும் கூப்பிட வேண்டாமென்று கையெடுத்துக் கும்பிட்டாராம். பெரியவர் அதைக் கேட்காமல் பெல்லை அழுத்திவிட்டார்.

தையல் விட்டுப்போயிருந்தது. மறுபடியும் ஆபரேஷன். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் என்று ஆரம்பித்த டாக்டர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். நன்றி சொல்லத் தேடியபோது பெரியவரை வேறு வார்டுக்கு மாற்றியிருந்தார்கள்.

உயிர் தப்பியது, மலம் வெளியேற வயிற்றில் ஒட்டிய ஒரு பை மிச்சம். இதோடு எப்படிக் கோயிலுக்கு வருவது என்று காத்தோங் பிள்ளையாரையும் விட்டுவிட்டார். கடைக்கும் போவதில்லை, வீட்டிலேயே அடைந்து கிடக்கிறார். கோபத்தில் கத்துகிறேன், அப்புறம் சமையலறையில் நின்று அழுகிறேன்.

இத்தனை வருடம் கூடவே வாழ்ந்த என்னிடம் மறைத்த வலியை, முன்பின் தெரியாத ஒருவர் பார்த்ததால்தான் இன்று இவர் எனக்கு இருக்கிறார் என்பதை நினைக்கும்போது, நன்றி ஒரு பக்கம், நெஞ்சை அறுக்கும் துக்கம் ஒரு பக்கம்.