மூன்றாவது தட்டு

பழைய அரக்கு இசைத்தட்டுகளைக் கேட்பதற்காகக் கடலோரக் கல்லடியில் ஒரு வீட்டுக்கு வந்திருக்கிறேன். பரோக் எனப்படும் பழைய ஐரோப்பிய இசை; ஒரு பெரிய வாத்தியக் குழு வாசித்த ஒரே உருப்படி, நான்கு தட்டுகளில் தொடர்கிறது. வீட்டுக்கார அக்கா கிராமபோனுக்குச் சாவி கொடுக்கிறார். கரகரப்புக்குள்ளிருந்து வயலின்கள் எழுகின்றன.

இரண்டாவது தட்டும் இரு பக்கமும் ஓடி முடிகிறது. மூன்றாவதன் உறையில் ஒன்றுமில்லை. நான்காவதை எடுக்கக் கை நீட்டுகிறேன்.

"பொறுங்க. மூண்டாவது முடியட்டும்."

முள்ளை உயர்த்தி வைத்துவிட்டு, வெறும் சுழல்மேடையை ஓடவிடுகிறார். முற்றத்தில் சைக்கிள் துடைத்துக்கொண்டிருந்த அவருடைய கணவர் துணியைக் கீழே வைத்துவிட்டு, நிமிர்ந்து நிற்கிறார்.

"அந்தத் தட்டு எங்கே, அக்கா?"

"கடல் ஊருக்குள்ள வந்த அண்டைக்கு, என்ட தம்பிதான் இதுகள என்ட கையில தந்து என்னப் பக்கத்து வீட்டு மாடிக்கு ஏத்தினவன். மூண்டாவது பழைய கிராமபோன்லயே கிடக்குதெண்டு திரும்பிப் போனவன்தான்."

சுழல்மேடை தளர்ந்து தளர்ந்து நிற்கிறது. நான்காவது தட்டை எடுத்து நீட்டுகிறேன். அவர் வாங்காமல் மறுபடியும் சாவி கொடுக்கிறார்.

"மற்றப் பக்கமும் இருக்கு," என்கிறார்.