ஆடும் முன்பே வைத்த பேனர்

ஆரணி பேருந்து நிலையத்துக்கு எதிரே தன் முகத்தையே பார்த்ததும் எழிலரசி வேன் சீட்டிலிருந்து எழுந்துவிட்டாள். இருபதடி உயரப் பேனர். ‘ஒன்பதாவது முறையாகக் கூடைப்பந்துக் கோப்பை வென்று திரும்பும் எங்கள் வெற்றித் தாயே, வருக!’

இறுதி ஆட்டமோ அன்று மதியம்தான், வேலூரில்.

அணிப் பெண்களோடு ஆட்டத்துக்குக் கிளம்பிய வேனை நிறுத்தச் சொல்லி இறங்கி ஓடினாள். கயிறு கட்டிக்கொண்டிருந்தவர் பட்டுக்கடை ஜெயவேல். வருடாவருடம் கல்லூரி அணிக்குப் பனியன் வாங்கித் தருபவர்.

“இன்னாண்ணே இது? இன்னும் ஆடவே இல்லியே! ஜல்தி கழட்டுங்க.”

“நாளைக்கு முகூர்த்தம் மேடம். பிரஸ்காரன் இன்னிக்கெல்லாம் கல்யாண பேனர்தான் அடிப்பானாம். அதான் முன்னாடியே அடிச்சு வாங்கிட்டேன். நீங்க இன்னா தோக்கற ஆளா?”

அந்தக் கேள்விதான் வேலூர் வரை அவளை அரித்தது.

கலசப்பாக்கம் பக்கம் நாற்று நட்டுப் பிழைத்தவர்களின் மகள் அவள். உயரத்துக்காகவே கடைசி பெஞ்சுக்குத் துரத்தப்பட்டவளைப் பள்ளி மைதானம் வாரி அணைத்துக்கொண்டது. ஆரணிக் கல்லூரிக்குப் பயிற்சியாளராக வந்தபோது, “பொண்ணுங்க டவுசர் போட்டுக்கினு குதிக்கிறதா?” என்று எத்தனை வீடுகள் கதவைச் சாத்தின! வாசல் வாசலாய் ஏறி இறங்கி ஒரு அணியைச் சேர்த்தாள். எட்டுக் கோப்பைகள் வந்தன. நிம்மதி மட்டும் வரவில்லை. ஜெயிக்க ஜெயிக்கத் தோல்வி பயம்தான் அவளுக்குள் பெரிதாக வளர்ந்தது.

அன்றும் அவள் நாற்காலியில் உட்காரவே இல்லை. கோட்டோரமாக நடந்துகொண்டே இருந்தாள். கடைசி நொடியில் அணித்தலைவி சங்கீதா எறிந்த பந்து, வளையத்தின் மேல் சுற்றிச் சுற்றி, ஐயோ, வெளியே விழுந்தது.

ஒரே ஒரு புள்ளி!

திரும்பும் வழியெல்லாம் ஜெயவேலின் போன். அவள் எடுக்கவில்லை, பெண்களையும் எடுக்க விடவில்லை. ஊர் நெருங்கியதும் டிரைவரிடம், “பஸ் ஸ்டாண்டு பக்கம் வேணாம். சுத்திக்கினு காலேஜ் பின்வாசலுக்குப் போங்க” என்றாள்.

“ஏன் மேம்?” சங்கீதாவின் கண்கள் அழுது வீங்கியிருந்தன.

“உங்கள யாரும் ஒண்ணும் கேட்டுடக் கூடாதுடி.”

“எங்களையா? பேனர்ல எங்க மூஞ்சி ஸ்டாம்பு சைஸு. எங்கள எவனுக்கு அடையாளம் தெரியும்?”

பின்சீட்டில் ஒருத்தி அழுகையோடு சிரித்துவிட்டாள். சங்கீதா சிரிக்கவில்லை.

“எங்க வூட்டு வாசல்ல நின்னு எங்கப்பா கிட்ட இன்னா சொன்னீங்க மேம்? ‘உங்க பொண்ணு தலை குனியாம நடப்பா’ன்னீங்க. இப்போ நீங்களே பின்வாசலால இட்டுக்கினு போறீங்க.”

எழிலரசி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

“டிரைவர், நேராவே போங்க.”

வேன் நின்றதும் மேளம் அதிர்ந்தது. ஜெயவேல் ஆளுயர மாலையோடு ஓடி வந்தார். எழிலரசி கையை உயர்த்தி மேளத்தை நிறுத்தினாள்.

“தோத்துட்டோம்ண்ணே.”

“அப்போ இந்த பேனரு?” டீக்கடைப் பக்கமிருந்து ஒரு குரல், தொடர்ந்து சிரிப்பு.

அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. வேன் கதவை அகலத் திறந்தாள். “இறங்குங்கடி. முன்னாடி வாங்க.” ஒவ்வொருத்தியாக இறங்க, கூட்டத்துக்குக் கேட்கும்படி அந்தப் பெண்ணின் பெயரை எழிலரசி சத்தமாகச் சொன்னாள். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவில்லை.

மாலையை யார் கழுத்தில் போடுவதென்று தெரியாமல் ஜெயவேல் தவித்தார்.